பொழுது இறங்குவதற்குள் ஒரு செலரிக் கூட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள காய்கறிக் கடையில் இன்று காலை ஒரு செலரிக் கட்டைப் பார்த்தேன். ஈரச் சாக்கின் மேல், கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் நடுவில், சீண்ட ஆளில்லாமல் கிடந்தது. குனிந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். அவ்வளவுதான், கையிலிருந்த கூடை நழுவிவிட்டது. கடைக்காரர் சிரித்தார். "இன்னா ஆயா, கொத்தமல்லின்னு நெனச்சுக்கினியா? இது செலரி. ஓட்டல்காரங்க வாங்கறது. உனக்கு ஆவாது" என்றார். நான் இதை நார் உரித்துச் சமைத்தபோது உன் அப்பனே பிறந்திருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டுக் கட்டை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டேன். எனக்கு ஆகாதாமே! எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல வந்தவர்களை நான் எப்போது சும்மா விட்டேன்? அந்தக் குணம் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியதுதான், சிநேகிதி.

நீ போய்விட்டாய் என்று உன் தம்பி மகள் குன்னூரிலிருந்து போன் செய்து ஒரு மாதம் ஆகிறது. கடைசிவரை உன் துணியை நீயே துவைத்துக்கொண்டாயாம். அழுதேன். அழுது முடித்ததும் உன்மேல் கோபம் வந்தது. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறவள், இதை மட்டும் எனக்குச் சொல்லாமல் போனது என்ன நியாயம்? செலரியைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதில் போடாமல் தப்பித்துக்கொண்டாய், கேட்டுக்கொண்டாவது இரு.

அறுபதுகளின் நடுவில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு லேடீஸ் சைக்கிளுமாக நீ இந்த ஊருக்கு வந்தாய். கிராம சேவிகா உத்தியோகம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, வீட்டுக் கொல்லையில் காய்கறி போடவும் சத்துப் போகாமல் சமைக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அனந்தபுரம் வரைக்கும், தளவானூர் வரைக்கும்கூட மிதித்துவிட்டு வருவாய். வேலையைக் கொடுத்த அரசாங்கம் தங்க இடம் கொடுக்கவில்லை. பஜாரைச் சுற்றி எத்தனையோ வீட்டுப் படி ஏறினாய். அறையைக் காட்டுவார்கள், வாடகையும் பேசுவார்கள், அப்புறம் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். கல்யாணம் ஆகவில்லை என்று நீ சொன்ன மாத்திரத்தில், அந்த அறைக்கு அவர்களுடைய மச்சான் குடிவரப் போவது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். இதை நீ நடித்துக் காட்டும்போது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் அறை கொடுத்தவர் என் மாமனார். பஜாரில் மல்லாட்டை மண்டி (உங்கள் ஊர்ப் பக்கம் வேர்க்கடலை என்பீர்களே) வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர். எங்களுடையது சமணர் வீடு என்பதால் உனக்குச் சில நிபந்தனைகள் சொன்னார். கறி, முட்டை கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் அடுப்பில் ஏறக் கூடாது. நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நீங்கள் விற்கிற மல்லாட்டையும் மண்ணுக்கடியில்தானே விளைகிறது என்று கேட்டாய். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த மனுஷர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அது காய், கிழங்கில்லை என்று பொறுமையாகச் சொல்லி, கொல்லைப் பக்கத்து அறையின் சாவியை உன்னிடம் கொடுத்தார். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மாமா கொடுத்த வாக்கை எதிர்த்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. உன்மேல் ஏதாவது ஒரு குற்றம் கிடைக்கட்டும் என்று அத்தை காத்திருந்தார்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. நீங்க, வாங்க என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். மத்தியானத்தில் கிணற்றடியில் நான் பாத்திரம் தேய்க்கும்போது நீ வந்து உட்காருவாய். ஒருநாள், "உனக்கு என்னடி பிடிக்கும்?" என்று கேட்டாய். அத்தைக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், என் வீட்டுக்காரருக்கு மோர்க்குழம்பு பிடிக்கும் என்றேன். "அவங்களைக் கேக்கல, உன்னைக் கேட்டேன்" என்றாய். நான் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். கல்யாணம் ஆகி வந்த வீட்டில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீதான். உன்மேல் எனக்கு உயிரே போகிற அளவு பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

செலரி விதை உன் அப்பா கொடுத்தனுப்பியது. குன்னூரில் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்கென்று போட்டுப் பழகிய காய்கறி. செஞ்சி வெயிலில் அது வருமா என்று எல்லாரும் சிரித்தார்கள். பாறை சுடுகிற ஊரில் மலைச்செடியா என்றார் அவர், அதாவது என் வீட்டுக்காரர். வரும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். ஆவணியில் ஓட்டைச் சட்டியில் விதைத்து, மழை பிடித்ததும் கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், முருங்கை நிழலில் நட்டாய். உன் ஊர்ச் செலரிபோல் தடியாக வரவில்லை. சுண்டுவிரல் கனத்தில், கரும்பச்சையாக, வீம்பு பிடித்ததுபோல் நிமிர்ந்து நின்றது. வாசனை மட்டும் உன் ஊர்ச் செடியைவிட ஜாஸ்தி என்று சொல்லிப் பெருமைப்பட்டாய்.

நீ அதைச் சமைக்கிற பக்குவம் இன்றும் என் விரலில் இருக்கிறது. செடியைப் பிடுங்க மாட்டாய். வெளிச்சுற்றுத் தண்டை மட்டும் அடியில் கத்தி வைத்து அறுப்பாய். நடுக்குருத்து அப்படியே நிற்கும், பத்துப் பதினைந்து நாளில் மறுபடி தண்டு கொடுக்கும். ஒவ்வொரு தண்டின் உட்குழியிலும் மண் ஒளிந்திருக்கும், கட்டைவிரலால் வழித்துக் கழுவ வேண்டும். அந்தக் குழியில் சில சமயம் சின்னப் பூச்சி இருக்கும். எங்கள் வீட்டு வழக்கப்படி நான் அதை ஒரு இலையில் ஏற்றிச் செடியிலேயே கொண்டுபோய் விடுவேன். முதலில் கேலி செய்தாய். பிறகு நான் இல்லாதபோதும் நீயே அப்படிச் செய்ததைப் பார்த்தேன். தண்டின் முனையை ஒடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் நார் நீளமாக உரிந்து வரும். வாழைத்தண்டு நாரை விரலில் சுற்றி எடுத்துப் பழகிய எனக்கு இது பெரிய காரியமாக இல்லை. இலையைக் குப்பையில் போடப் போனேன். "இலையைத் தூக்கிப் போட்டே, உன்னைத் தூக்கிக் கெணத்துல போடுவேன்" என்றாய். மணம் முழுக்க இலையில்தான் இருக்கிறதாம்.

பாசிப்பருப்பை மலர வேகவைத்து, பொடியாக அரிந்த தண்டைப் போட்டு ஒரே கொதி. குழைந்துவிட்டால் போச்சு, பல்லில் கடிபட வேண்டும். உப்பு பாதிதான், தண்டுக்குள்ளேயே ஒரு உப்பு இருக்கிறது. தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு இறக்கி, கடைசியில் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாயோடு அந்த இலையையும் போட்டுப் பொரியவிட்டுக் கொட்டுவாய். அந்த நேரம் எழும் வாசனை இருக்கிறதே, அதுதான் வினையாயிற்று.

தை மாதம் அது. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள், சமண வழக்கப்படி, எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும். இறங்கிவிட்டால் அப்புறம் மறுநாள் காலைதான். அன்று நீ சீக்கிரம் வந்திருந்தாய். உன் அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கூட்டு செய்தாய், நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தாளித்துக் கொட்டிய சத்தம் அடங்குவதற்குள் கோயிலுக்குப் போயிருந்த அத்தை உள்ளே வந்தார். முற்றத்தில் நின்று மூக்கைத் தூக்கினார். "வெங்காயம்" என்றார். அவ்வளவு நிச்சயமாக, அவ்வளவு நிம்மதியாக. பல நாளாகத் தேடிய குற்றம் கையில் கிடைத்துவிட்டது.

பிறந்ததிலிருந்து வெங்காயத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், வெங்காய வாசனைக்குச் சாட்சி சொன்னார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்ய வராது. மண்டியிலிருந்து மாமாவும் அவரும் அப்போதுதான் சாப்பிட வந்தார்கள். விடிந்தால் இவள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அத்தை அவர்களிடம் சொன்னார். வீட்டுக்குள் தீட்டுச் சமையல் நடந்திருக்கிறது, அடுப்படியைக் கழுவாமல் யாருக்கும் சோறு இல்லை என்றார். உனக்கு அந்த அறையை விட்டால் ஊரில் வேறு இடம் கிடையாது. அறை இல்லாவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அது தெரியும், அத்தைக்கும் தெரியும்.

நீ அழுவாய் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நீ கூட்டுச் சட்டியைத் துணியில் பிடித்துத் தூக்கிவந்து முற்றத்தின் நடுவில் வைத்தாய்.

"வெங்காயம் எப்படி மணக்கும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம இன்னா? பஜார்ல ஓட்டலத் தாண்டித்தான வரேன்."

"தாண்டும்போது முந்தானையால மூக்கைப் பொத்திக்குவீங்களே."

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார், என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். சிரிப்பை அடக்குவதற்கு. அத்தையின் முகம் சிவந்தது. நீ விடவில்லை. இது கிழங்கில்லை, தண்டு, செடியைப் பிடுங்கவும் இல்லை, கிணற்றடியில் உயிரோடு நிற்கிறது, வந்து பாருங்கள் என்றாய். அத்தை அசையவில்லை.

"காயி இன்னாவா இருந்தா எனக்கு இன்னா? தாலி இல்லாத பொண்ணு, தனியா இருக்குது. சைக்கிள்ல போவுது, பொழுது சாஞ்சு வருது. தெருவுல கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"அப்படிச் சொல்லுங்க" என்றாய் நீ. குரலை உயர்த்தவே இல்லை. "அதைச் சொல்றதுக்கு இந்தத் தண்டு மேல ஏம்மா பழி போடறீங்க? போகச் சொன்னா போறேன். ஆனா வெங்காயம் சமைச்சதால போனான்னு யாரும் சொல்ல விடமாட்டேன். நீங்க வெச்ச சட்டம் ஒண்ணைக்கூட நான் மீறல."

முற்றத்தில் வெயில் தூணின் பாதிக்கு ஏறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு ஆண்பிள்ளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது எனக்குள் ஏதோ கொதித்தது. இவ்வளவு நாளாக அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான், நார் உரித்தவள் நான், தேங்காய் துருவிய கை இன்னும் பிசுபிசுவென்று இருக்கிறது, நீ மட்டும் எதற்குத் தனியாக நின்று பேச வேண்டும்? உள்ளே போனேன். காலையில் வடித்த சோற்றை என் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, உன் சட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சூரியன் இருக்குது. எனக்குப் பசிக்குது. போடு" என்றேன்.

நீ கூட்டை அள்ளிப் போட்டாய். கரண்டி தட்டில் இடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இதைத் தின்றால் இனிமேல் என் அடுப்பைத் தொடாதே என்று அத்தை சொன்னார். எனக்குப் பயம் இல்லாமலா இருந்தது? வாழவந்த வீட்டில் அடுப்பைத் தொடாதவளுக்கு என்ன இடம்? பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். பருப்பு மெத்தென்று இருந்தது, நடுநடுவே தண்டு நறுக்கென்று கடிபட்டது, அப்புறம் அந்த இலையின் மணம் மூக்கு வரைக்கும் ஏறியது. நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று நீ கேட்ட கேள்விக்கு, எல்லார் முன்னாலும் பதில் சொல்லிவிட்டேன்.

மாமா மெதுவாகக் கொல்லைக்குப் போனார். கிணற்றடியில் குனிந்து பார்த்தது எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செடி நிக்குது" என்றார். "நான் கேட்டதை அந்தப் பொண்ணு காப்பாத்திச்சு. நான் குடுத்த வார்த்தைய நான் காப்பாத்தணும். ரூமு அதுக்குத்தான்" என்றார். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அன்று அந்த வீட்டில் வயிறு நிறைந்தவர்கள் நீயும் நானும் மட்டுமே. மாமா, அத்தை, அவர், மூன்று பேரும் பட்டினி. பாவம் என்று நீ சொன்னாய். எனக்கு ஒரு பாவமும் தோன்றவில்லை.

அத்தை சொன்ன சொல்லில் நின்றார். எனக்கு அடுப்பை விடவில்லை. நான் உன் அறைக்கு வந்து உன் ஸ்டவ்வில் எனக்குச் சமைத்துக்கொண்டேன். சில நாளில் என் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று, கூட்டு மீதி இருக்கிறதா என்று கேட்டார். "நைனாவுக்கும் கொஞ்சம் குடு" என்று கிண்ணத்தை நீட்டினார். அப்பாவும் மகனும் உன் சமையலுக்கு வந்த பிறகு அத்தை மட்டும் தனியாகப் பொங்கித் தின்று எத்தனை நாள் இருக்க முடியும்? ஒரு காலையில் அடுப்பை விட்டு எழுந்து அரிசிப் படியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மன்னிப்பு அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிவரை அத்தை செலரியை வாயில் வைக்கவே இல்லை. உனக்கு மாற்றல் வரும்வரை நீ அந்த அறையில்தான் இருந்தாய், தலை நிமிர்ந்து.

எல்லாரும் போய்விட்டார்கள். வீடு என் பேரில் இருக்கிறது. இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கம் ஊர். இங்கே வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு வீடாக அறை தேடிக் களைத்துப் போயிருந்தாள். எல்லாரும் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? வீட்டுக்காரர் எப்போது வருவார்? அட கஷ்டமே! அறுபது வருஷத்தில் சைக்கிள் ஸ்கூட்டராயிற்று, கேள்வி மட்டும் துருப்பிடிக்காமல் அப்படியே இருக்கிறது. உன் அறையின் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து என் மகன் குதிக்கிறான். "கல்யாணமாகாத பொண்ணும்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றான். நான் சொல்லுவேன் என்றேன். உனக்கு வயதாகிவிட்டது, விவரம் புரியவில்லை என்கிறான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அவளைக் காலி செய்யச் சொல்லப் போகிறானாம். வரட்டும். அவனுக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன். அந்தப் பெண்ணிடம், வெங்காயம் சேர்க்கலாமா என்று அவள் தயங்கிக் கேட்டபோது, நான் தொட மாட்டேன், அது என் நோன்பு, உன் அடுப்பு உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். மாமாவின் சட்டத்தில் நான் திருத்தியது இந்த ஒன்றுதான். நீ இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்டிருப்பாய்.

கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போய்ச் சமைத்து முடித்தேன். இது மலையிலிருந்து வந்த தடித்த செலரி. நார் அதிகம், மணம் குறைவு, நம் கிணற்றடிச் செடிக்குக் கால்தூசி பெறாது. இருந்தாலும் நார் உரித்தேன், குழியில் மண் வழித்தேன், பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன், இலையில் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. கண் மங்கிவிட்டது, ஆனால் முனையை ஒடித்து இழுத்ததும் நார் தானாக வந்தது.

இப்போது வெயில் தூணின் பாதிக்கு ஏறியிருக்கிறது. போன் அடிக்கிறது, மகனாகத்தான் இருக்கும், அடித்துவிட்டுப் போகட்டும். வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்கிறது. சட்டியைத் துணியில் பிடித்துக் கொண்டுபோய், நீ வைத்த அதே இடத்தில் முற்றத்தின் நடுவில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இரண்டு தட்டு. அவள் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுத்துவிட்டேன்.

"சூரியன் இருக்குது. வந்து உக்காரு."